நாலு கிடாவும் ஒரு டிஎஸ்எல்ஆரும்: முதல் கேமரா வாங்கப் போறவங்களுக்கு

எங்க ஊர் வேப்பூர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் போனவர்களுக்கு 'வேப்பூர் கூட்ரோடு' என்றால் தெரியும். விருத்தாசலத்திலிருந்து சேலம் போகிற ரோடு குறுக்கே வெட்டும் இடம். டீ குடிக்க பஸ் நிற்கும். மற்றபடி எங்க ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைதான். விடியறதுக்கு முன்னாடியே வேன் வேனாக வெள்ளாடு, செம்மறி, கொடி ஆடு எல்லாம் வந்து இறங்கும். தீபாவளி, பொங்கல், பக்ரீத் நெருங்கினால் கால் வைக்க இடம் இருக்காது.

இந்தக் கட்டுரை ஆட்டைப் பற்றி இல்லை, கேமராவைப் பற்றி. ஆனா ஆடு இல்லாம இதைச் சொல்ல முடியாது.

போன செமஸ்டர் ஆரம்பத்தில் நம்ம காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருத்தன் வாட்ஸப்பில் கேட்டான். அவனுக்கும் எங்க ஊர்ப்பக்கம்தான். "அண்ணா, கேனான் 1500டி வாங்கலாமா, நிக்கான் டி3500 வாங்கலாமா? கடைல 1500டி டூயல் லென்ஸ் கிட் 46,000 சொல்றாங்க. அப்பா நாலு கிடா குடுத்துடலாம்னு சொல்லிட்டாரு."

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு 'எதை வேணா வாங்குடா, எல்லாம் ஒண்ணுதான்' என்று சொல்ல மனசு வரவில்லை. 'என்ன போட்டோ எடுக்கப் போற?' என்று கேட்டேன். இதைக் கேட்காமல் மாடல் பேர் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அது யூடியூப்பராக இருந்தாலும் சரி.

அவன் மூணு விஷயம் சொன்னான். ஒண்ணு, ஆட்டுச்சந்தையைப் படம் பிடித்து இன்டர்-காலேஜ் போட்டிக்கு அனுப்பணும். ரெண்டு, அவன் அத்தை விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் பெயின்ட் அடிக்கிறார். அந்த ஓனருக்கு வாட்ஸப்பில் ஆர்டர் பிடிக்க பொம்மை, அகல் விளக்கு எல்லாம் படமாக வேணும், படத்துக்குக் காசு தருவார். மூணு, ஷார்ட் ஃபிலிம் (யாருக்குத்தான் இல்லை!).

மூணும் மூணு வேலை. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

சந்தை: இருட்டும் அசையற ஆடும்

இதில் நான் ஏற்கெனவே அடி வாங்கியவன். போன வருஷம் ஒரு சீனியரிடம் 1500டி-யும் கூட வரும் 18-55 கிட் லென்ஸும் இரவல் வாங்கிக்கொண்டு, காலையில நாலு மணிக்கு சந்தைக்குப் போனேன். அங்கங்கே ஒரு டியூப் லைட், வேன் ஹெட்லைட், டீக்கடை பல்பு. இருநூறு படத்துக்கு மேல் எடுத்தேன். ரூமுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் எல்லா ஆட்டுக்கும் ரெண்டு தலை.

கை ஆடிடுச்சு என்று நினைத்தேன். சீனியர் சிரித்தார். "லென்ஸ்ல ஐஎஸ் இருக்குடா. அது உன் கையைப் பிடிச்சுக்கும். ஆட்டை யார் பிடிப்பா?"

ஐஎஸ் என்பது கேனான் வைத்த பேர், நிக்கானில் அதுவே விஆர். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடித் தொகுதி நம் கை நடுக்கத்துக்கு எதிர்த்திசையில் நகர்ந்து படத்தை நிலையாக வைக்கும். எதிரே இருப்பது அசையாமல் இருந்தால் அது வரப்பிரசாதம். எதிரே இருப்பது தலையை ஆட்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அசைவதை நிறுத்த ஒரே வழி ஷட்டர் வேகத்தைக் கூட்டுவது. அதற்கு வெளிச்சம் வேணும். வெளிச்சம் இல்லாத இடத்தில் லென்ஸின் வாய் அகலமாக இருக்கணும்.

இந்த 'வாய் அகலம்'தான் லென்ஸ் மேல் எழுதியிருக்கும் எஃப் நம்பர். நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், கணக்காகவே பார்த்துவிடலாம். எஃப் நம்பர் = ஃபோகல் லென்த் ÷ துவாரத்தின் விட்டம். 55 மி.மீ.-க்கு ஜூம் செய்த கிட் லென்ஸின் அதிகபட்சத் திறப்பு எஃப்/5.6. அதாவது துவாரம் சுமார் 9.8 மி.மீ. ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸில் அது 27.8 மி.மீ. சென்சாருக்கு வரும் வெளிச்சம் எஃப் நம்பரின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் பண்ணினால் 9.7 வரும். கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம்.

அன்னைக்கு என் படங்களில் பதிவாகியிருந்த செட்டிங்: 55 மி.மீ., எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/15 செகண்ட். அதே இடத்தில் அதே ஐஎஸ்ஓ-வில் எஃப்/1.8 லென்ஸ் இருந்திருந்தால் ஷட்டர் 1/145 பக்கம் போயிருக்கும். 1/15-ல் ஆட்டுக்கு ரெண்டு தலை, 1/145-ல் ஒரு தலை. விஷயம் அவ்வளவுதான்.

இதில் பாடி எங்கே வந்தது? வரவே இல்லை. அதே 1500டி-தான். 1500டி-க்குப் பதிலா டி3500 இருந்திருந்தாலும் அதே எஃப்/5.6, அதே ரெண்டு தலை. நாம மாடல் நம்பரில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது படத்தைத் தீர்மானிப்பது முன்னால் மாட்டியிருக்கிற கண்ணாடி.

கிட் லென்ஸுக்கும் நியாயம் செய்துவிடணும். அதே லென்ஸ் 18 மி.மீ. முனையில் எஃப்/3.5 திறக்கும். 5.6-ஐ விட சுமார் ரெண்டரை மடங்கு வெளிச்சம். நான் தூரத்தில் நின்று ஜூம் பண்ணாமல், 18-ல் வைத்துக்கொண்டு ஆட்டுக்குப் பக்கத்தில் போய், ஐஎஸ்ஓ-வை 3200 ஆக்கியிருந்தால் 1/75 கிடைத்திருக்கும். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும், ஆனா படம் இருந்திருக்கும். ஜூம் பண்ணினால் வெளிச்சம் குறையும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கிட் லென்ஸ் வைத்திருக்கிறவர்கள் இன்னைக்கே செய்து பார்க்கலாம், பத்து பைசா செலவில்லை.

இப்போ அந்த டூயல் லென்ஸ் கிட்டைப் பாருங்கள். ரெண்டாவது லென்ஸ் 55-250. திறப்பு எஃப்/4-லிருந்து 5.6 வரை. விடியற்காலை சந்தையில் அது பையை விட்டே வெளியே வராது. வெலிங்டன் ஏரிப் பக்கம் பகல் வெளிச்சத்தில் பறவை பார்க்கப் போகிறவனுக்கும், ஸ்போர்ட்ஸ் டே-க்கும் அது நல்ல லென்ஸ். தம்பியின் மூணு வேலையில் ஒண்ணுக்குக்கூட அது தேவையில்லை. 'ரெண்டு லென்ஸ்' என்று கேட்கும்போது லாபம் மாதிரி தெரியும். ஒரு கிடா விலை அதுக்குள்ளே இருக்கு.

பொம்மை: வெளிச்சம் நம் கையில்

விருத்தாசலம் பீங்கானைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியும். செராமிக் டெக்னாலஜிக்கென்றே அரசுக் கல்வி நிறுவனம் அங்கே இருக்கு, தொழிற்பேட்டை இருக்கு. களிமண் கரைசலை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, காய வைத்து, சூளையில் சுட்டு பொம்மை பண்ணுவார்கள். கொலு, கார்த்திகை சீசனுக்கு முன்னாடி போனால் வரிசை வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

பொம்மை அசையாது. இது சாதாரண விஷயம் இல்லை. அசையாத பொருளுக்கு எஃப்/1.8 தேவையில்லை, ஐஎஸ்ஓ 3200 தேவையில்லை. ஒரு டிரைபாட் போதும். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ஷட்டர் ஒரு செகண்ட் ஆனாலும் கவலையில்லை. ரெண்டு செகண்ட் டைமர் வைத்துவிட்டால் பட்டன் அமுக்குகிற அதிர்வுகூட வராது. எஃப்/8-ல் கிட் லென்ஸுக்கும் விலை கூடின லென்ஸுக்கும் உள்ள வித்தியாசம் வாட்ஸப் படத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை.

இன்னும் சொல்லப்போனால் இந்த வேலைக்கு 50 எஃப்/1.8-ஐ விட கிட் லென்ஸே மேல். எப்படி? ஒரு லென்ஸ் எவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் பிடிக்கும் என்பதைப் பொறுத்து பொருள் சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்பது மாறும். கேனான் 18-55 ஐஎஸ் 2 லென்ஸ் அதிகபட்சம் 0.34 மடங்கு. 50 எஃப்/1.8 எஸ்டிஎம் 0.21 மடங்குதான். இந்த கேமராக்களின் சென்சார் அகலம் 22.3 மி.மீ. கணக்குப் போட்டால், கிட் லென்ஸில் சுமார் 66 மி.மீ. அகலமுள்ள பொருள் ஃபிரேமை நிரப்பும். 50-ல் 106 மி.மீ. வேணும். ஒரு சின்ன அகல் விளக்கை 50-ல் எடுத்தால் சுற்றிலும் காலி இடம்தான் இருக்கும். கிட் லென்ஸில் விளக்கின் ஓரத்து வேலைப்பாடு வரைக்கும் வரும்.

பீங்கானில் நிஜமான தலைவலி ரெண்டு. லென்ஸ் மாற்றி ரெண்டையும் தீர்க்க முடியாது.

முதலாவது பளபளப்பு. கிளேஸ் போட்ட பொம்மை கண்ணாடி மாதிரி. ஃபிளாஷ் அடித்தால் பிள்ளையார் தொந்தியில் ஒரு வெள்ளைப் பொட்டு. ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரமாக மேசையைப் போட்டு, ஜன்னலுக்கு வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினால் வெளிச்சம் மென்மையாகிவிடும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. அப்படியும் மினுக்கல் இருந்தால் போலரைசர் ஃபில்டர் உதவும். கண்ணாடி மாதிரிப் பரப்பில் சாய்வாகப் பட்டு வரும் பிரதிபலிப்பு ஒரே தளத்தில் அதிர்கிற ஒளி. ஃபிசிக்ஸில் புரூஸ்டர் கோணம் படித்தோமே, அதுதான். ஃபில்டரைத் திருப்பினால் அது மங்கும். தங்கக் கலர் பூசின உலோகப் பளபளப்புக்கு மட்டும் இது வேலை செய்யாது.

இரண்டாவது வெள்ளை. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளைப் பொம்மையை வெள்ளைத் துணியில் வைத்தால், 'ஐயோ வெளிச்சம் ஜாஸ்தி' என்று அதுவே குறைத்து அழுக்கு வேட்டி கலரில் படம் கொடுக்கும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 வையுங்கள். கருப்பு ஆட்டுக்கு இதுவே தலைகீழ்: கேமரா அதை வெளுப்பாக்கும், -1 வைக்கணும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பொம்மை யூனிட்டில் களிமண் தூசி காற்றிலேயே மிதக்கும். அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். ஆரம்பநிலை மாடல்கள் பலவற்றில் சென்சார் தானே தூசியை உதறிக்கொள்ளும் வசதி கிடையாது. வெளியே வந்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, அப்புறம் மாற்றுங்கள். ஆட்டுச்சந்தைக்கும் அதே சட்டம்.

50-ஆ, அகலமா?

சந்தைக்கு வெளிச்சமுள்ள லென்ஸ் வேணும் என்று முடிவானதும் எல்லாரும் சொல்வது 50 எஃப்/1.8. விலையும் குறைவு, 160 கிராம்தான் எடை. ஆனா ஒரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த கேமராக்களின் சென்சார் பழைய ஃபிலிமை விடச் சின்னது. கேனானில் 1.6, நிக்கானில் 1.5 என்று பெருக்கிக்கொள்ளணும். 50 மி.மீ. கேனானில் 80 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும்.

வடிவொத்த முக்கோணம் போட்டுப் பாருங்கள். சென்சார் உயரம் 14.9 மி.மீ. 1.7 மீட்டர் உயரமுள்ள ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க 50 மி.மீ. லென்ஸில் 1.7 × 50 ÷ 14.9 = 5.7 மீட்டர் தள்ளி நிற்கணும். ஆட்டுச்சந்தையில் 5.7 மீட்டர் தள்ளிப் போனால் நடுவில் பன்னிரண்டு ஆடும் ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லும் வந்துவிடும். ஹாஸ்டல் ரூமில் சுவரே வந்துவிடும். அதே ஆளை 24 மி.மீ. லென்ஸில் 2.7 மீட்டரில் எடுத்துவிடலாம்.

கேனானில் 24 எஃப்/2.8 எஸ்டிஎம் என்று பிஸ்கட் தடிமனில் ஒரு லென்ஸ் இருக்கு. நிக்கானில் 35 எஃப்/1.8 டிஎக்ஸ் இருக்கு. என்னைக் கேட்டால் ஆரம்பத்தில் ஒரே ஒரு ஃபிக்ஸட் லென்ஸ் வாங்குகிறவருக்கு நிக்கானின் அந்த 35-தான் ரொம்பப் பொருத்தம். வெளிச்சமும் உண்டு, அகலமும் உண்டு. கேனானில் அந்த விலையில் அதற்கு நேர் ஜோடி இல்லை. 24 எடுத்தால் அகலம் கிடைக்கும், வெளிச்சம் 5.6-ஐ விட நாலு மடங்குதான். 50 எடுத்தால் பத்து மடங்கு வெளிச்சம், அகலம் போச்சு. முகம், ஆட்டுத் தலை, பேரம் பேசுகிற கை, இதெல்லாம்தான் வேணும் என்றால் 50 போதும். தம்பி முகங்கள்தான் வேணும் என்றான்.

இப்போ பாடிக்கு வருவோம்

கேனான் 3000டி, 1500டி ரெண்டும் 2018-ல் வந்தவை. 3000டி-யில் 18 மெகாபிக்சல், லென்ஸ் மாட்டும் வளையம் பிளாஸ்டிக், வியூஃபைண்டரில் கண் பவருக்கு ஏற்பத் திருகிச் சரிசெய்யும் குமிழும் கிடையாது. கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடேயே பார்க்கணும். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் 3000டி பக்கம் போக வேண்டாம்.

1500டி நல்ல பாடிதான், 24.1 மெகாபிக்சல். ஆனா ஒரு மறைந்த குறை: மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுப்புள்ளி கான்டாக்ட் இல்லை. மற்ற கம்பெனிகளின் மலிவு விலை ஃபிளாஷும் டிரிக்கரும் அந்த நடுப்புள்ளியை நம்பித்தான் வெடிக்கும். 3000டி-யிலும், 2019-ல் வந்த 200டி மார்க் 2-விலும் அதே கதை. நாளைக்கு ஒரு மலிவு ஃபிளாஷ் வாங்கி மாட்டிவிட்டு 'அண்ணா, வெடிக்கவே மாட்டேங்குது' என்று புலம்புகிறவர்கள் நிறைய. மைக் சொருகும் ஓட்டையும் 1500டி-யில் இல்லை.

நிக்கான் டி3500, அதுவும் 2018. போட்டோ மட்டும்தான் என்றால் இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு சார்ஜில் 1,550 படம் என்பது கம்பெனிக் கணக்கு, 1500டி-க்கு 500. செகண்டுக்கு 5 படம், 1500டி-யில் 3. ஆனா இதிலும் மைக் ஓட்டை இல்லை. டி5600-ல் மைக் உண்டு, திரும்பும் தொடுதிரை உண்டு, 39 ஃபோகஸ் புள்ளி உண்டு. கொஞ்சம் விலை கூட.

கேனான் 200டி, 2017-ல் வந்தது. திரும்பும் தொடுதிரை, மைக் ஓட்டை, நடுப்புள்ளி கான்டாக்ட் மூணும் இருக்கு. முக்கியமாக, திரையைப் பார்த்து எடுக்கும்போதும் வீடியோவிலும் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும் டூயல் பிக்சல் சென்சார். 1500டி-யில் திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் தேடித் தேடி வருவதற்குள் ஆடு விற்றுப் போயிருக்கும். திரும்பும் திரை ஷார்ட் ஃபிலிமுக்கு மட்டும் இல்லை. ஆட்டின் கண் மட்டத்தில் எடுக்கணும் என்றால் சாதாரண கேமராவில் புழுக்கையில் படுக்கணும். இதில் கேமராவைக் கீழே பிடித்து திரையை மேலே திருப்பினால் போதும்.

நிக்கான் பக்கம் போகிறவர்கள் ஒரு வலையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அது லென்ஸுக்குள் இருக்கணும். லென்ஸ் பேரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருந்தால் சரி. 'சல்லிசா கிடைக்குது' என்று பழைய 50 எஃப்/1.8டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் திருகணும். இன்னொண்ணு, டி3200, டி5100 மாதிரி பழைய பாடிகளில் புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் ஃபோகஸே பிடிக்காது. பழைய பாடியும் புது லென்ஸும் தனித்தனியாக வாங்குகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். கேனானில் இந்தக் குழப்பம் இல்லை. இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ் எல்லாம் இந்த பாடிகளில் மாட்டும், ஃபோகஸ் பிடிக்கும்.

'டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சு, மிரர்லெஸ் வாங்கு' என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். பாதி உண்மை. 2018-லேயே கேனானும் நிக்கானும் மிரர்லெஸ்ஸுக்குப் புது மவுண்ட் கொண்டுவந்துவிட்டார்கள், புது டிஎஸ்எல்ஆர் மாடல்கள் வருவது நின்றே போச்சு. ஆனா அதனால்தான் கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் பழைய பாடிகளையும் லென்ஸ்களையும் தள்ளிவிடுகிறார்கள், நமக்கு விலை இறங்குது. பின்னாடி மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் கேனான் இஎஃப் லென்ஸை ஒரு அடாப்டர் போட்டு ஃபோகஸோடு பயன்படுத்தலாம். நிக்கானிலும் அடாப்டர் உண்டு, மோட்டார் உள்ள லென்ஸ்களுக்கு. ஆக லென்ஸில் போடுகிற காசு வீணாகாது. இன்ஸ்டாவில் ரூம்மேட்டை மட்டும் எடுக்கப் போறீங்கன்னா எதுவுமே வேண்டாம், கையில் இருக்கிற போன் போதும்.

பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்கணும்

நானும் தம்பியும் அவன் அப்பாவும் ஒரு செகண்ட் ஹேண்ட் 200டி பார்க்கப் போனோம். அவர் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எத்தனை பல்லு?"

ஆடு வாங்குகிறவர்கள் வாயைத் திறந்து பல் பார்த்துத்தான் வயசு சொல்வார்கள். கேமராவுக்கும் பல் உண்டு, ஷட்டர் கவுண்ட். இந்த ரக பாடிகளின் ஷட்டர் ஏறத்தாழ ஒரு லட்சம் கிளிக் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. நிக்கானில் எடுத்த படத்தின் தகவலுக்குள்ளேயே அந்த எண் இருக்கும். கேனானில் பெரும்பாலும் படத்தில் இருக்காது. கேபிள் போட்டு லேப்டாப்பில் சாஃப்ட்வேர் வைத்துப் பார்க்கணும். லேப்டாப் எடுத்துட்டுப் போங்க. பார்க்க விட மாட்டேன் என்கிற ஆளிடம் வாங்காதீங்க. எங்களுக்கு 14,000-சொச்சம் காட்டியது. "ரெண்டு பல்லு மாதிரிப்பா" என்றேன். அவருக்குத் திருப்தி.

அடுத்து லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து மொபைல் டார்ச் அடித்து முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. நம்ம ஊர் ஈரத்துக்கு பீரோவில் பூட்டி வைத்த லென்ஸில் அது சகஜம். அந்த லென்ஸ் வேண்டாம், விலை எவ்வளவு குறைத்தாலும். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. பிறகு எஃப்/16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம்: கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் அழுக்கு, துடைத்தால் போகும். ஒரே ஆட்டோ-ஃபோகஸ் புள்ளியை வைத்துப் பக்கத்தில், தூரத்தில், இருட்டு மூலையில் பிடிக்குதா என்று பாருங்கள். இந்த பாடிகளில் நடுப்புள்ளிதான் இருட்டில் நம்பகமானது. கடைசியா பில். பாக்ஸ் இல்லாவிட்டாலும் பில் வேணும், சீரியல் நம்பர் ஒத்துப்போகணும்.

கிட் லென்ஸிலும் பேர் படிக்கணும். 18-55 என்று மூணு நாலு ரகம் இருக்கு. கேனானில் பேரில் ஐஎஸ் இல்லாதது மலிவு, நடுக்கம் தடுக்காது. நிக்கானில் விஆர் இருக்கா பாருங்கள். வெளியே பார்க்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

எங்களுக்குக் கடைசியில் ஆன கணக்கு: 200டி, 18-55 ஐஎஸ் எஸ்டிஎம் சேர்த்து 23,500. தனியாக ஒரு பழைய 50 எஃப்/1.8 எஸ்டிஎம் 5,000. டிரைபாட் 1,500. மொத்தம் 30,000. இது எங்களுக்கு அமைந்த விலை, ஊருக்கு ஊர் மாறும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் சந்தைக்குப் போனோம். முதல் நாற்பது படம் பாழ்! எல்லா ஆட்டுக்கும் மூக்கு கத்தி மாதிரி தெளிவு, கண் மங்கல். எஃப்/1.8-ல் ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ரெண்டரை சென்டிமீட்டர் சொச்சம்தான், ஆட்டின் மூக்குக்கும் கண்ணுக்கும் அதைவிட இடைவெளி. ரெண்டு மீட்டர் தள்ளி நின்றால் அது பதினோரு சென்டிமீட்டர் பக்கம் வரும். தள்ளி நின்றோம், எஃப்/2.2 வைத்தோம், ஃபோகஸ் புள்ளியைக் கண் மேல் வைத்தோம். வேன் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு பெரியவர் கிடாவின் வாயைத் திறந்து பல் பார்க்கிற படம் வந்தது. போட்டிக்குப் போயிருக்கு, ரிசல்ட் இன்னும் வரலை.

பொம்மை யூனிட் ஓனர் முதல் தவணையாக அறுபது படத்துக்குக் காசு கொடுத்துவிட்டார். அத்தனையும் கிட் லென்ஸ், ஜன்னல், அத்தை வீட்டு வேட்டி.

நாலாவது கிடா பட்டியிலேயே இருக்கு. போன வாரம் தம்பி, "அண்ணா, ஒரு 24 பேன்கேக் லென்ஸ் இருந்தா நல்லா இருக்கும்ல?" என்றான். அவன் அப்பா கிடாவை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.